பூர்வபட்சமும் சித்தாந்தமும்: இளம் வழக்கறிஞர்களுக்கு ஒரு திறந்த மடல்



அங்கியின் கறுப்பு இன்னும் வெளுக்காத பருவத்தில், சீனியரின் பின்னால் கட்டுகளைச் சுமந்துகொண்டு சென்னை உயர் நீதிமன்றத்தின் நீண்ட தாழ்வாரங்களிலும் மதுரைக் கிளையிலும் ஜில்லாக் கோர்ட்டுகளின் மரத்தடியிலும் நடமாடிக்கொண்டிருக்கும் உங்களுக்கு, உங்களில் பெரும்பாலோரின் பெயரையும் அறியாத ஒரு கிழ வக்கீல் இம்மடலை எழுதத் துணிந்ததற்குக் காரணம், அண்மையில் ஒரு பாகப்பிரிவினை மேல்முறையீட்டில் என் முறைக்காகக் காத்திருந்தபோது நான் கண்ட காட்சி ஒன்றுதான். ஓர் இளைஞர், கையிலிருந்த பலகைக் கணினியைப் பார்த்து, ஒரு பழைய தீர்ப்பின் வாசகத்தைக் கணீரென்ற குரலில் வாசித்தார். வாசகம் அவருடைய கட்சிக்கு அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் பொருந்தியிருந்தது. நீதிபதி அதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நான்கு பாரா மேலே போய் அங்கிருந்து வாசியுங்கள்" என்றார். மேலே போய்ப் பார்த்தால், "எதிர்மனுதாரர் தரப்பில் ஆஜரான வழக்கறிஞர் பின்வருமாறு வாதிட்டார்" என்று அந்தப் பகுதி தொடங்கியிருந்தது; ஆறு பாராக்களுக்குக் கீழே அந்த வாதம் நிராகரிக்கப்பட்டும் இருந்தது. இளைஞர் தம் கட்சிக்குப் பிரமாணம் என்று கொண்டுவந்தது, தோற்றுப்போன வக்கீல் ஒருவரின் வாதத்தை.

கோர்ட்டில் சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, சிரிக்கும் யோக்கியதை எனக்கு இல்லை. தொழிலுக்கு வந்த இரண்டாம் வருஷத்தில், ஒரு டைஜஸ்டின் இரண்டு வரிகளை நம்பி, சங்க நூலகத்திலிருந்து ஒரு தொகுதியை இரவல் வாங்கிக்கொண்டு போய், மேல்முறையீட்டில் ரத்தாகி ஒன்பது ஆண்டுகள் ஆகிவிட்ட ஒரு தீர்ப்பை நான் மேற்கோள் காட்டியிருக்கிறேன். என் சீனியரின் சொந்தத் தொகுதியில் அதே பக்கத்தின் ஓரத்தில், அவருடைய நுணுக்கமான பென்சில் எழுத்தில், "மேலே மாற்றப்பட்டது" என்ற குறிப்பும், மாற்றிய தீர்ப்பின் தொகுதி எண்ணும் பக்க எண்ணும் இருந்தன. அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாமே என்று நான் நூலகப் பிரதியை எடுத்துப் போனேன். அதன் ஓரம் வெள்ளையாக இருந்தது. அன்று சாயங்காலம் அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. தம் தொகுதியைத் திறந்து அந்தப் பக்கத்தை என் முன் வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார்.

எங்கள் காலத்து முறையைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. 1876 முதல் வெளிவந்த சென்னை வரிசை இந்தியத் தீர்ப்புத் திரட்டும், 1891-இல் தொடங்கிய மெட்ராஸ் லா ஜர்னலும், நாகபுரியிலிருந்து வந்த ஏ.ஐ.ஆரும் சுவர் முழுக்க அடுக்கியிருந்த சேம்பர், பரம்பரையாக வக்கீல் தொழில் செய்த குடும்பங்களுக்கும் பெரும் பணக்காரர்களுக்குமே வாய்த்தது. எங்கள் சேம்பர் குமாஸ்தாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஆனால் முதுகுத் தோலின் நிறத்தையும் கிழிசலையும் கொண்டே எந்த வருஷத்துத் தொகுதி என்று சொல்லிவிடுவார். இடுப்பளவு புத்தகத்தை அவர் தலையில் ஏற்றிக்கொண்டு கோர்ட்டுக்கு வரும் காட்சியே எதிர்க்கட்சி வக்கீலைப் பாதி அச்சுறுத்திவிடும். அரியலூரிலோ சிவகங்கையிலோ தனியாகத் தொழில் செய்த முதல் தலைமுறை வக்கீலுக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. ஒரு தீர்ப்பைப் பார்க்க அவர் பஸ் ஏறிப் பட்டணத்துக்கு வரவேண்டும், வந்தாலும் நூலகத்தில் அந்தத் தொகுதி வேறொருவர் மேசையில் இருக்கும்.

2008-இல் சுஷாந்த் சின்ஹா என்ற கணினிப் பொறியாளர் 'இந்தியன் கானூன்' என்ற தேடுகளத்தைக் காசு கேட்காமல் எல்லோருக்கும் திறந்துவைத்தபோது, அந்த அநீதியின் பெரும்பகுதி ஓசையின்றி ஒழிந்துபோயிற்று. சந்தா கட்டிப் பயன்படுத்தும் மனுபத்ராவும் எஸ்.சி.சி. ஆன்லைனும் ஒரு பக்கம் வளர்ந்தன. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே தன் அதிகாரபூர்வமான திரட்டை 'ஈ-எஸ்.சி.ஆர்.' என்ற பெயரில் இலவசமாக வெளியிட்டது. அந்தக் குமாஸ்தாவின் தலைச்சுமை இன்று உங்கள் சட்டைப் பையில் அடங்கிவிட்டது. இதை நான் பழிக்கவில்லை. முப்பது வருஷம் முன்னால் வந்திருந்தால் என் முழங்கால்கள் இன்னும் சிறிது நல்ல நிலைமையில் இருந்திருக்கும்.

ஆனால் இந்த யந்திரம் என்ன செய்கிறது, என்ன செய்யவில்லை என்பதைத் தெளிவாக அறிந்துகொண்டு அதனிடம் போகவேண்டும். பழைய டைஜஸ்ட் ஒரு பொருளடைவு. சட்டம் படித்த ஒரு பதிப்பாசிரியர் தீர்ப்பு முழுவதையும் வாசித்து, இது 'வாரிசுரிமை' என்ற தலைப்பில் வரவேண்டும், இது 'காலவரையறை' என்பதில் என்று தம் அறிவைக் கொண்டு பிரித்து வைத்தது. தேடுகளமோ அடிப்படையில் ஒரு சொல்லடைவு. நீங்கள் கொடுத்த சொற்கள் எந்தெந்தத் தீர்ப்பில் எங்கெங்கே உள்ளன என்று கணப்பொழுதில் காட்டும். அந்தச் சொல்லை அங்கே யார் சொன்னார், எதற்காகச் சொன்னார், சொன்னது நின்றதா வீழ்ந்ததா என்பது அதன் கணக்கில் முதன்மையாக வராது. பொருளடைவில் தேடுகிறவன் பதிப்பாசிரியரின் பிழைகளுக்கு ஆட்படுகிறான். சொல்லடைவில் தேடுகிறவன் தன் சொல்வறுமைக்கே ஆட்படுகிறான்.

சொல்வறுமை என்று நான் சொல்வதற்கு நம் மண்ணிலேயே ஓர் அழகான உதாரணம் உண்டு. கணவன் உத்தரவு கொடுத்துவிட்டுப் போகாத நிலையிலும், சபிண்டர்களின் சம்மதத்தோடு விதவை தத்தெடுத்துக்கொள்வது திராவிட தேசத்து வழக்கப்படி செல்லும் என்று 1868-இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்த ராமநாதபுரம் ஜமீன் வழக்கை நீங்கள் கல்லூரியில் படித்திருப்பீர்கள். தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கம் எழுதிவைத்த சாஸ்திர வாசகத்தையும் மிஞ்சும் என்ற கருத்து அதிலிருந்துதான் நம் சட்டத்தில் வேரூன்றியது. ஜமீன் வாரிசில்லாமல் போயிற்று, ஆகவே சர்க்காருக்குச் சேர வேண்டும் என்று வழக்காடியவர் மதுரைக் கலெக்டர். எதிரில் நின்றவர் முத்துராமலிங்க சேதுபதி. நமக்கு இவ்வளவு பழக்கமான அந்தப் பெயரை மூர் என்பவரின் பழைய திரட்டு வெள்ளைக்காரக் காதுக்குக் கேட்டபடி அச்சிட்டிருக்கிறது: 'முத்து' என்பதில் ஆங்கிலத்து 'ஓ' இரட்டித்து வரும், 'சேதுபதி' 'சாதுபதி'யாகி நிற்பார், பின்னால் மேற்கோள் காட்டிய தீர்ப்புகளோ ஆளுக்கொரு விதமாக எழுதின. நீங்கள் இன்றைய எழுத்துக்கூட்டில் தேடினால் சேதுபதி அகப்படமாட்டார். தஞ்சாவூர் என்று தேடுகிறவனுக்குத் 'தாஞ்சூர்' கிடைக்காது, திருநெல்வேலி என்று தேடுகிறவனுக்குத் 'தின்னவேலி' கிடைக்காது. புறம்போக்கு என்ற நம் சொல் ஒன்றே ஆங்கிலத் தீர்ப்புகளில் மூன்று நான்கு உருவங்களில் உலவுகிறது. ஒரு நூற்றாண்டுக்கு முந்திய நீதிபதி எந்தச் சொல்லை வழங்கியிருப்பார் என்று ஒரு நிமிஷம் கண்ணை மூடி யோசிப்பதற்கு யந்திரம் எதையும் வசூலிப்பதில்லை. சொற்களைத் தேர்ந்த பிறகு, அவற்றில் இரண்டைச் சேர்த்து இந்தியன் கானூனில் தேட, 'ஆண்ட்' என்ற ஆங்கிலச் சொல்லின் கடைசி எழுத்தை இரட்டித்துப் பெரிய எழுத்துகளில் எழுதவேண்டும். 'ஆர்' என்பதற்கும் 'நாட்' என்பதற்கும் அப்படியே. ஆங்கில வாத்தியார் பார்த்தால் காதைத் திருகுவார். ஆனால் இந்த ஒரு எழுத்தை அறியாமல் நாலாயிரம் முடிவுகளுக்குள் மூழ்கித் தவிக்கும் ஜூனியர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி நான் முதலில் சொன்ன காட்சிக்கு வருகிறேன். நம் தேசத்தில் தர்க்கமும் மீமாம்சையும் எழுதியவர்கள், தம் கொள்கையைச் சொல்வதற்கு முன்னால் எதிரியின் கொள்கையைப் பூர்வபட்சமாக வைத்து, எதிரியே எழுதினாற்போல அதற்கு உரிய பலம் முழுவதையும் கொடுத்து நிறுத்திவிட்டுப் பிறகுதான் அதை மறுத்துச் சித்தாந்தத்துக்கு வருவார்கள். நம் தமிழ் உரையாசிரியர்களும் "என்பாரும் உளர்" என்று பிறர் மதத்தை எடுத்துக் காட்டி, அது பொருந்தாமையை அடுத்துச் சொல்வார்கள். அந்த நூல்களில் நடுவே ஓர் ஏட்டைப் பிரித்து நாலு வரி வாசித்த மாணவன், ஆசிரியர் மறுப்பதற்காக எடுத்துவைத்ததை அவருடைய கொள்கை என்றே கருதிக்கொண்டு போவான். தீர்ப்பின் அமைப்பும் இதுவேதான். சங்கதிகள், கீழ்க் கோர்ட்டு முடிவு, மேல்முறையீட்டாளரின் வாதம், எதிர்வாதம், இரு தரப்பும் நம்பிய முன்தீர்ப்புகளிலிருந்து நீண்ட மேற்கோள்கள், இவையெல்லாம் கடந்து பிறகுதான் நீதிபதி தம் சொந்தக் குரலில் பேசத் தொடங்குகிறார். வாதத்தைத் தொகுத்துச் சொல்லும் பகுதியில் "என்று வாதிடப்பட்டது" என்பது ஒரு தடவைதான் வரும்; அதன் பிறகு நான்கு பக்கம் அந்த வாதம் நீதிபதியின் சொந்த வாக்குப்போலவே ஓடும். தேடுகளம் உங்கள் சொல்லைச் சுற்றி மூன்று வரிகளைக் கத்தரித்துக் கொடுக்கும்போது, அந்த ஒரு தடவை வந்த வார்த்தை கத்தரியின் வெளியே போய்விடுகிறது. அதிலும் ஒரு விபரீதம் பாருங்கள்: வக்கீல் தம் கட்சியை உறுதியான, வளைவு நெளிவில்லாத வாக்கியங்களில் சொல்வார், நீதிபதியோ "இந்த வழக்கின் சூழ்நிலையில்" என்றும் "மேற்சொன்னவற்றுக்கு உட்பட்டு" என்றும் அடக்கி வாசிப்பார். ஆகவே நீங்கள் தேடும் வாக்கியம் அப்பட்டமாக, அழகாக, ஒரு நிபந்தனையும் இல்லாமல் கிடைத்துவிட்டால், அது பூர்வபட்சமாக இருக்கக் கூடும் என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

ஒரே பெஞ்சில் அமர்ந்தவர்கள் வேறுபட்டு எழுதும்போது சிக்கல் இன்னும் இறுகுகிறது. 1973 ஏப்ரல் 24-ஆம் தேதி வெளிவந்த கேசவானந்த பாரதி தீர்ப்பில் 13 நீதிபதிகள் 7-க்கு 6 என்ற கணக்கில் பிரிந்து, 11 தனித்தனிக் கருத்துரைகள் எழுதினார்கள். அந்தச் சமுத்திரத்தில் ஒரு சொல்லைப் போட்டுத் தேடினால், எந்த மீன் பெரும்பான்மையின் வலையைச் சேர்ந்தது என்று மீனைப் பார்த்துச் சொல்ல முடியாது. சில சமயம் காலமே சிறுபான்மையைச் சித்தாந்தமாக்கிவிடுவதும் உண்டு. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல், ஜபல்பூர் வழக்கில் தனித்து நின்ற நீதிபதி ஹெச்.ஆர். கன்னாவின் நிலையை, 41 ஆண்டுகள் கழித்து 2017-இல் புட்டசாமி வழக்கின் ஒன்பது நீதிபதி அமர்வு ஏற்று, அன்றைய பெரும்பான்மைத் தீர்ப்பைக் களைந்தது. 1976 தீர்ப்பை மட்டும் திறந்து பார்க்கிறவனுக்கு இது எதுவும் தெரியாது. அந்தப் பக்கம் இன்றும் அன்றைக்கு எழுதியபடியேதான் இருக்கிறது.

இதுதான் என் சீனியரின் பென்சிலை எனக்கு ஞாபகப்படுத்துகிறது. ஒரு தீர்ப்பு அச்சேறிய பிறகு அதன் வாழ்க்கை தொடங்குகிறது. பின்பற்றப்படுகிறது, வேறுபடுத்தப்படுகிறது, சந்தேகிக்கப்படுகிறது, ஒருநாள் வீழ்கிறது. இதை உங்களில் பாகப்பிரிவினை வழக்கு நடத்தும் ஒவ்வொருவரும் மகள்களின் பங்கு விஷயத்தில் கண்ணால் கண்டிருக்க வேண்டும். தமிழ்நாடு, 1989 மார்ச் 25 முதல் அமலுக்கு வந்த தன் சொந்தத் திருத்தத்தின் மூலம், அந்தத் தேதிக்கு முன் கல்யாணம் ஆகாத மகளைக் கூட்டுக் குடும்பத்தில் பிறப்பினால் பங்காளியாக்கியது. பிறகு மத்தியத் திருத்தச் சட்டம் 2005 செப்டம்பர் 9 முதல், கல்யாண வேறுபாடு பாராமல், எல்லா மகள்களுக்கும் அந்த உரிமையைக் கொடுத்தது. ஆனால் அந்தத் தேதியில் தகப்பனார் உயிரோடிருந்திருக்க வேண்டுமா என்ற கேள்வி எழுந்தபோது, 2015 அக்டோபரில் பூலாவதி வழக்கில் இரண்டு நீதிபதிகள் "ஆம்" என்றார்கள். 2018 பிப்ரவரியில் தானம்மா வழக்கில் வேறு இரண்டு நீதிபதிகள், 2001-இலேயே இறந்துவிட்ட தகப்பனாரின் மகள்களுக்கும் பங்கு உண்டு என்றார்கள். இந்த இரண்டுக்கும் நடுவே கீழ்க் கோர்ட்டுகள் பட்ட பாடு சொல்லி முடியாது. ஒரே ஜில்லாவில் ஒரு கோர்ட்டில் மகளுக்குப் பங்கு கிடைத்தது, எதிர்க் கட்டடத்தில் கிடைக்கவில்லை. கடைசியாக 2020 ஆகஸ்ட் 11-ஆம் தேதி வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் கூடி, உரிமை பிறப்பினால் வருவது, தகப்பனார் அந்தத் தேதியில் இருந்தாரா என்பது பொருட்டன்று என்று முடிவுகட்டி, பூலாவதியை முழுவதும், தானம்மாவைத் தம் முடிவுக்கு மாறுபட்ட அளவிலும் களைந்தார்கள். நம் தமிழ்நாட்டுத் திருத்தத்தை ஒட்டி 2018-இல் பிறந்த மற்றொரு தீர்ப்பும் அதே வரியில் வீழ்ந்தது. ஆனாலும் மகள், பங்கு, தகப்பனார், 2005 என்று தேடினால் பூலாவதி இன்றும் முன்வரிசையில் வந்து நிற்கிறார்; ஐந்து வருஷம் எத்தனையோ தீர்ப்புகள் அவரை மேற்கோள் காட்டியிருக்கின்றன அல்லவா? மேற்கோள்களின் எண்ணிக்கை உயிரோடிருப்பதற்கு அத்தாட்சி ஆகாது. 'இத்தீர்ப்பை மேற்கோள் காட்டியவை' என்ற பட்டியலைத் திறந்து, புதிதிலிருந்து பழையதாக வரிசைப்படுத்தி, மேல் கோர்ட்டின் பெரிய பெஞ்சுகளை முதலில் பாருங்கள். இது பத்து நிமிஷ வேலை. சந்தாக் களங்கள் 'களையப்பட்டது', 'வேறுபடுத்தப்பட்டது' என்று தாமே குறி போட்டுக் கொடுக்கின்றன. குறியைப் பார்த்துவிட்டு, குறி போட்டதற்குக் காரணமான தீர்ப்பையும் ஒருமுறை வாசியுங்கள், ஏனென்றால் தானம்மாவைப்போல் பாதி வீழ்ந்து பாதி நிற்பவையும் உண்டு.

இன்னொரு விஷயம். அச்சுக் காலத்தில், வெளியிடத் தகுந்தது இது என்று பதிப்பாசிரியர் பொறுக்கியெடுத்த தீர்ப்புகளே நம் கண்ணில் பட்டன. இன்றோ, இரு தரப்பும் சம்மதித்ததால் பைசலான வழக்கின் ஒன்றரைப் பக்க உத்தரவும், ஜாமீன் மனுவில் போட்ட நிபந்தனையும் அரசியல் சாசனப் பெஞ்சின் தீர்ப்போடு ஒரே வரிசையில் சமபந்தி போஜனத்துக்கு உட்கார்ந்திருக்கின்றன. விவாதிக்கப்படாமல், காரணம் சொல்லப்படாமல் பிறந்த உத்தரவு அந்தக் கட்சிக்காரர்களைக் கட்டுமே ஒழிய உங்கள் வழக்குக்குப் பிரமாணமாகாது.

பாரா எண்களைப் பற்றியும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அவற்றின் பின்னால் ஒரு சுவையான வழக்கு இருக்கிறது. லக்னோவைச் சேர்ந்த ஈஸ்டர்ன் புக் கம்பெனி, தன் எஸ்.சி.சி. திரட்டைப் பார்த்துக் குறுந்தகட்டில் போட்டுவிட்டார்கள் என்று மோடக் என்பவர் முதலியோர் மீது வழக்காடியது. 2007 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நீதிபதிகள் எழுதிய மூல வாசகம் பொதுச் சொத்து, அதை யாரும் வெளியிடலாம் என்றது. ஆனால் நீண்ட வாசகத்தைப் பாராக்களாகப் பகுத்து எண்ணிட்டதும், பல நீதிபதிகள் எழுதிய தீர்ப்பில் யார் உடன்பட்டார், யார் மாறுபட்டார், யார் பாதியளவு மாறுபட்டார் என்று கண்டு குறித்ததும் சட்ட அறிவும் விவேகமும் வேண்டிய உழைப்பு, அது பதிப்பாளருக்கே உரியது என்றது. யாருடைய குரல் என்று கண்டு சொல்வதுதான் சட்ட வாசிப்பின் அரிய பகுதி என்பதை நீதிமன்றமே ஒப்புக்கொண்ட இடமாக நான் இதைக் கருதுகிறேன். நடைமுறையில் உங்களுக்கு இதிலிருந்து தெரியவேண்டியது: ஒரு களத்தின் 18-ஆம் பாரா மற்றொரு திரட்டில் 23-ஆக இருக்கலாம். நீதிபதியின் கையில் ஒரு பிரதி, உங்கள் கையில் வேறு பிரதி என்றால் இருவரும் வேறு வேறு பக்கத்தில் அலைவீர்கள். எந்தத் திரட்டு என்பதைச் சொல்லி, 2023 முதல் உச்ச நீதிமன்றம் வழங்கும் பொதுமேற்கோள் எண்ணையும் சேர்த்து, எதிர்த் தரப்புக்கு ஒரு பிரதியை முந்தின நாளே கொடுத்துவிடுங்கள். உங்களுக்கு விரோதமான தீர்ப்பு கண்ணில் பட்டால் அதையும் நீங்களே எடுத்து வையுங்கள். நீங்கள் வைக்காவிட்டால் பெஞ்சே கண்டுபிடிக்கும் காலம் வந்துவிட்டது.

கேட்ட கேள்விக்கெல்லாம் கட்டுரைபோலப் பதில் எழுதிக் கொடுக்கும் செயற்கை நுண்ணறிவு யந்திரங்களைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. அவற்றை நான் கொஞ்சமே அறிவேன். ஆனால் 2023 ஜூன் மாதம் நியூயார்க் நகரத்து ஃபெடரல் கோர்ட்டில் நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஏவியான்கா விமானக் கம்பெனிக்கு எதிரான ஒரு நஷ்டஈட்டு வழக்கில், வாதியின் வக்கீல்கள் அப்படிப்பட்ட யந்திரம் கொடுத்த தீர்ப்புகளை மனுவில் காட்டினார்கள். வழக்கின் பெயர், மேற்கோள் எண், வாசகம் எல்லாம் இருந்தன, தீர்ப்புகள்தான் உலகத்தில் எங்கும் இல்லை. கோர்ட்டு 5,000 டாலர் அபராதம் விதித்தது. சொல்லடைவு யந்திரம் பூர்வபட்சத்தைச் சித்தாந்தமென்று மயங்க விடும். இந்தப் புதிய யந்திரமோ இல்லாத நூலுக்கே உரை எழுதிவிடுகிறது. அது பெயர் சொன்ன எந்தத் தீர்ப்பையும் ஈ-எஸ்.சி.ஆரிலோ உயர் நீதிமன்றத்தின் தளத்திலோ மூலமாகத் திறந்து பார்க்காமல் கோர்ட்டு வாசலை மிதிக்காதீர்கள்.

என் சீனியரின் தொகுதிகள் இப்போது என் வீட்டு மாடியில் இருக்கின்றன. அவர் காலமான வருஷத்தோடு அவருடைய குறிப்புகள் நின்றுவிட்டன; அதற்கப்புறம் வாங்கிய தொகுதிகளில், அவருடைய கையெழுத்தின் அழகு வராவிட்டாலும், நான் எழுதிக்கொண்டு வருகிறேன். சனிக்கிழமை சாயங்காலங்களில் உங்களில் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். 2016-ஆம் வருஷத்து எஸ்.சி.சி. இரண்டாம் தொகுதியில் 36-ஆம் பக்கத்தைத் திறந்தால் பூலாவதி இருப்பார். ஓரத்தில் வினீதா சர்மாவின் எண்ணும், 2020 ஆகஸ்ட் 12 என்று தேதியும் இருக்கும். ஊரடங்குக் காலத்தில் பென்சில் சீவும் கத்தி அகப்படாமல் மழுங்கிய முனையால் எழுதியது. வாசிக்கக் கொஞ்சம் சிரமப்படவேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் பாரில் மூத்தவன் ஒருவன்